மூன்றாவது ஊம்

காஞ்சிபுரத்தில் ஷோயப்பிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. பாதி வாக்கியத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். மீதிப் பாதியை அவனே சொல்லிவிடுவான். சொன்னது சரியா தப்பா என்று எதிராளி தலையாட்டுவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவான். போனில் இன்னும் மோசம். அந்தப் பக்கம் "சரிப்பா, அப்ப நான்..." என்று இழுக்கும்போதே இந்தப் பக்கம் லைன் கட்டாகிவிடும். ஊரில் அவனுக்கு 'கட் ஷோயப்' என்று பெயர். இதைத் தன் சுறுசுறுப்புக்குக் கிடைத்த பட்டம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். என்ன செய்வது, சிலருக்கு அப்படித்தான்.

ஒலிமுகமதுபேட்டையில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். ஆபீஸ் டெலிபோன், இன்டர்காம், வாசல் கேமரா, காலிங் பெல் என்று கம்பி போகிற எதையும் செய்வான். வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. என்ன வேலை என்று கேட்டுக்கொள்வதில்தான் கோளாறு.

பிள்ளையார்பாளையத்தில் கைலாசம் என்றொரு நெசவாளர். ஒருநாள் இவனைக் கூப்பிட்டு, "தம்பி, எங்க வீட்டு காலிங் பெல் இருக்குதே, அந்தத் தறி சத்தத்துலயும்..." என்று ஆரம்பித்தார்.

"கேக்க மாட்டேங்குது, அதானே? புரிஞ்சுதுண்ணா" என்று வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் வந்து ஒரு புது பெல்லை மாட்டிவிட்டுப் போனான். அதை அழுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்து வந்து கதவைத் திறந்தார்கள். கைலாசம் சொல்ல வந்தது, தறிச் சத்தத்திலும் அது காதைக் கிழிக்கிறது, கொஞ்சம் அடக்கிக் கொடு என்பது. அன்றிலிருந்து அவர் ஷோயப்பிடம் பேசும்போது கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்.

அவனுடைய அம்மா ஷமீம் பானு பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவர். முந்தானை நுனியில் தொங்கும் நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, ஒரு சேலைக்கு அரை நாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட பொறுமைசாலிக்கு இப்படியொரு பிள்ளை. கேட்டால், "அவன் எட்டு மாசத்துலயே பொறந்தவன்மா. அப்பவே அவனுக்கு அவசரம்" என்பார்.

ஷோயப் சினிமாவுக்குப் போனால் முடிவைப் பார்க்க மாட்டான். மறுநாள் யாரிடமாவது கேட்டுக்கொள்வான். அதையும் பாதிதான் கேட்பான். டீக்கடையில் அவனுக்கு அரை கிளாஸ்தான் ஊற்றுவார்கள். முழு கிளாஸ் கொடுத்தால் பாதியை வைத்துவிட்டுப் போய்விடுவான் என்று டீ போடுகிறவருக்குத் தெரியும்.

ஆனால் ஊரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். அது காஜா பாயின் சரிகைக் கடை.

அங்கே ஏன் குடித்தான் என்பது கடையின் எதிர்ச்சாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காஜா பாயின் மகள் ஆஷிஃபா பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கேமரா மாட்ட வந்தவன் வழக்கம்போல அரை கிளாஸோடு கிளம்பினான். "என்னங்க, நான் போட்ட டீ நல்லா இல்லையா?" என்று அவள் கேட்டாள். போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். சூடு ஆறும் வரை உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் அந்தக் கேமராவுக்கு மாதம் ஒரு கோளாறு வந்தது. சில மாதம் இரண்டு.

காஜா பாய் அவனுக்கு நேர் எதிர். அவர் கடைக்குச் சரிகை வாங்கப் போகிறவர் முதலில் சலாமோ வணக்கமோ வாங்கிக்கொண்டு, பிறகு உடம்பு, பெண்டாட்டி உடம்பு, பிள்ளை படிப்பு, வீட்டுக் கிணற்றில் தண்ணீர், தறி நல்லா ஓடுகிறதா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் சரிகைப் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கும். நடுநடுவே நிறுத்தி, "ஊம்... ஊம்..." என்பார். அது யோசனையின் சத்தம். பள்ளிவாசல் மோதினார் ஊருக்குப் போகும் நாட்களில் காஜா பாய்தான் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்வார். அந்தத் தொண்டைக்கு ஒரு சுருதியைப் பிடித்தால் ஆடாமல் அசையாமல் நிறுத்தத் தெரியும். ஆகவே அந்த 'ஊம்' கூட ஒரே சீராக, ஒரே நீளத்தில், சமமான இடைவெளி விட்டு வரும். பேசப்போகும் விஷயம் எவ்வளவு பெரியதோ, ஊம் அவ்வளவு நீளும்.

ஷோயப்பைப் பார்த்தால் பாயின் முதல் கேள்வி, "ஷோயப்பு, உங்க வீட்டு மாடி ரூம்ல மழைத்தண்ணி..." என்பதாக இருக்கும். "எல்லாம் நல்லா இருக்குது பாய்" என்று அவன் வெட்டிவிடுவான். மாடி அறையின் சிமெண்ட் ஷீட் நல்லா இல்லை. மழைக்கு ஒரு மூலை முழுக்க ஒழுகியது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாய் எங்கே ஒழுகுகிறது, எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று கேட்பார் என்று அவனுக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சரிகைக் கடை பூட்டியிருக்கும். அப்போதுதான் நெசவாளர்கள் போன் போடுவார்கள். மணி அடித்து ஓய்ந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். காஜா பாயிடம் மொபைல் இல்லாமல் இல்லை. அது மேஜை டிராயருக்குள் இருந்தது. சார்ஜ் இருந்ததா என்பது வேறு விஷயம். நெசவாளர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு சரிகைப் பெட்டியின் மேலும் அச்சடித்திருந்த அந்தப் பழைய லேண்ட்லைன் நம்பர்தான்.

இதற்கு ஷோயப் ஒரு வழி கண்டுபிடித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி ஆபீஸைக் காலி செய்தபோது, வாய்ஸ் மெயில் உள்ள ஒரு டெலிபோன் பெட்டி பழைய விலைக்குக் கிடைத்தது. யாரும் எடுக்காவிட்டால் அது எடுக்கும். ஆஷிஃபாவின் குரலில் "கடை இப்போது பூட்டியிருக்கிறது, விஷயத்தைச் சொல்லுங்கள்" என்று சொல்லும். சொன்னதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியைப் பதிவு செய்வதற்கு ஷோயப் ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவசரப்படாமல் செய்த ஒரே வேலை அதுதான் என்று அவனுடைய அம்மாவே சொல்வார்.

பெட்டி மாட்டிய அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஷமீம் பானு ஒரு டப்பா இனிப்போடு காஜா பாய் வீட்டுக்குப் போய் முறைப்படி பெண் கேட்டார். காஜா பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

யோசிச்சுச் சொல்றேன் என்று மற்றவர்கள் சொன்னால் நாளை என்று அர்த்தம். காஜா பாய் சொன்னால் நிஜமாகவே யோசிப்பார். ஷோயப்புக்குத் தூக்கம் போயிற்று. ஆஷிஃபாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தான். "அது அத்தா வாயால வரணும். நான் சொல்ல மாட்டேன்" என்று தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் துடைத்த விதத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான்.

இந்த நேரம் பார்த்துப் பெட்டி மக்கர் செய்தது.

போன் பேசி முடித்து ஒருவர் வைத்துவிட்டால், இந்தப் பக்கம் 'டூ... டூ... டூ...' என்று ஒரு சத்தம் வரும். ஆள் போயாச்சு என்று நம் காதுக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. இந்தச் சத்தம் இவ்வளவு நேரம் ஒலித்து, இவ்வளவு நேரம் ஓய்ந்து, இத்தனை தடவை திரும்பி வந்தால் ஆள் போய்விட்டார் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு வேறு. பெட்டி ஏதோ வெளிநாட்டுக் கணக்கில் இருந்தது. நம்மூர் டூ அதற்குப் புரியவில்லை. கைலாசம் போன் செய்து "ரெண்டு மார்க் சரிகை வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்த பிறகும், அது ஏதோ சங்கீதம் கேட்பதுபோல டூ டூவை மணிக்கணக்கில் பதிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஆஷிஃபா உட்கார்ந்து கேட்டுவிட்டு, "உங்க மெஷினுக்குப் பொறுமை ரொம்ப ஜாஸ்திங்க. நீங்க அதுகிட்ட கொஞ்சம் கடன் வாங்கிக்கலாம்" என்றாள்.

ஷோயப் வந்து கணக்கை மாற்றினான். டூ ஒலிப்பது முக்கால் விநாடி, ஓய்வது முக்கால் விநாடி. அது சரி. எத்தனை தடவை வந்தால் வெட்டலாம் என்ற இடத்தில், ஐந்தாறு தடவையாவது கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது என்று பெட்டியோடு வந்த புத்தகம் சொன்னது. அவன் புத்தகத்தையும் பாதிதான் படித்திருந்தான். "ஒரு தடவை வந்தா சந்தேகம், ரெண்டு தடவை வந்தா கன்ஃபர்ம்" என்று இரண்டு போட்டான். நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வெட்டிவிடு என்றும் போட்டான். சுருக்கமாகச் சொன்னால், பெட்டியை இன்னொரு ஷோயப்பாக ஆக்கிவிட்டுப் போனான்.

விளைவு உடனே தெரிந்தது. காஜா பாய் வெளியிலிருந்து தன் கடைக்கே போன் செய்து ஏதாவது சொல்லிவைக்கப் பார்த்தால், நலம் விசாரிப்பைத் தாண்டவே முடியவில்லை. இரண்டு 'ஊம்' வந்ததும் பெட்டி வெட்டிவிட்டது. அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஷோயப்பை வரச் சொன்னார்.

"என்னப்பா இது. சலாம் சொல்லி முடிக்கலை, மூஞ்சில அடிச்சாப்பல வெக்குது."

"ரெண்டே நிமிஷம் பாய். நீங்க வீட்டுக்குப் போய் அங்க இருந்து போன் போட்டு ஏதாவது பேசுங்க. நான் இங்க இருந்து டெஸ்ட் பண்றேன்."

காஜா பாயின் வீடு அடுத்த தெருவில். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றார். "ஏதாவதுன்னா? விஷயம் இல்லாம எப்படிப்பா போன்ல பேசறது?"

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினாக்கூடப் போதும் பாய்."

ஒரு மனிதனுக்குப் போன் போட்டு ஒன்று இரண்டு எண்ணுவதா? காஜா பாய்க்கு அது மரியாதையாகப் படவில்லை. கூரையைப் பார்த்து யோசித்தார். "ஊம்... ஊம்... ஊம்... சரி. ஒரு விஷயம் இருக்குது. நேர்ல சொல்றதுக்கு எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது. அதையே மெஷின்ல பேசிடறேன்" என்றார்.

அதற்குள் ஷோயப் பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். அதனால் பாய் சொன்னது அவன் காதில் விழவில்லை. ஆஷிஃபாவின் காதில் நன்றாக விழுந்தது. அவள் சரிகைப் பெட்டிகளை அடுக்குவதுபோல மேஜையின் பக்கமாக வந்து நின்றுகொண்டாள். கடை வாசல் திறந்தே இருந்தது. எதிர்க்கடைக்காரர் கண்ணும் திறந்தே இருந்தது.

மணி அடித்தது. பெட்டி எடுத்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. ஷோயப் போட்டுக் கேட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் காஜா பேசறேன். ஷோயப்பு, நல்லா இருக்கியா? உங்கம்மா நல்லா இருக்காங்களா? ஊம்... ஊம்..."

அவ்வளவுதான். வெட்டு.

"சலாமுக்குப் பதில்கூடச் சொல்லாம வெட்டுது. யார்கிட்ட கத்துக்கினுச்சோ" என்றாள் ஆஷிஃபா. பிறகு, "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அத்தா எப்பவும் மூணு..." என்று ஆரம்பித்தாள்.

"மூணு தடவை டெஸ்ட் பண்ணணும், அதானே? பண்ணிடலாம்" என்றான் ஷோயப்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்து, "அத்தா, இன்னொரு தடவை" என்றாள்.

நீளம் முன்னே பின்னே இருந்தாலும் வெட்டு என்று போட்டிருந்ததை ஷோயப் இறுக்கினான். சரியாக முக்கால் விநாடி இருந்தால்தான் இனி அது டூ. சின்னச் சின்ன ஊம்கள் தப்பித்துவிடும். காஜா பாய் இரண்டாவது தடவை போன் செய்தார். விட்ட இடத்திலிருந்து தொடருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சலாமிலிருந்து தொடங்கினார்.

"...உங்கம்மா நல்லா இருக்காங்களா? ஊம்... ஊம்... மாடி ரூம் மழைக்கு ஒழுகுதாப்பா? போன வாரம் நல்ல மழை. ஊம்... சரி. வெள்ளிக்கிழமை உங்கம்மா வீட்டுக்கு வந்து பேசினாங்க இல்ல, அந்த விஷயமாத்தான் சொல்ல வந்தேன். ஊம்ம்... ஊம்ம்..."

வெட்டு.

ஷோயப்பின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. விஷயம் பெரியது; ஊம் நீண்டுவிட்டது; நீண்ட ஊம் அச்சு அசல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டூ மாதிரியே இருந்தது. அவன் ஆஷிஃபாவைப் பார்த்தான். அவள் மேஜைக்கு அடியில் குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது. தேடவேண்டிய அவசியமே இல்லை.

இத்தனை நாள் காத்திருந்த பதில், அந்தக் கருப்புப் பெட்டிக்குள் வந்து, வாசலோடு திரும்பிப் போய்விட்டது. யார் திருப்பி அனுப்பியது? அவன் போட்ட இரண்டு. இரண்டை அழித்துவிட்டு மூன்று என்று போட்டான். ஐந்து போட்டிருக்கலாம், ஆறு போட்டிருக்கலாம். யாரும் கையைப் பிடிக்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அவனுக்கு மனசு வந்தது ஒன்றைக் கூட்டத்தான்.

மூன்றாவது மெசேஜ் வந்தது. சலாம், நலம், அம்மா நலம், மாடி ரூம், போன வாரத்து மழை, வெள்ளிக்கிழமை. ஷோயப் ஸ்பீக்கரில் காதை வைத்து ஒட்டிக்கொண்டான்.

"...ஊம்ம்... ஊம்ம்... நானும் யோசிச்சேன். வீட்டுலயும் கலந்து பேசினோம். ஷோயப்பு, இனிமே நீ என்னைப் பாய்னு கூப்பிடாத. ஊம்ம்... ஊம்ம்... ஊம்ம்..."

வெட்டு.

மீதி வாக்கியத்தை முடித்து வைப்பதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே. முடித்தான். இனிமே என்னைப் பாய்னு கூப்பிடாத, இந்தக் கடைப்பக்கம் வராத, உங்கம்மாவை வீட்டுப்பக்கம் அனுப்பாத. இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

பெட்டியில் டூ சத்தத்தைக் கண்டுபிடிக்கிற அந்த ஏற்பாட்டையே மொத்தமாக நிறுத்திப் போட்டான். "இனிமே இது யாரையும் வெட்டாது. எவ்வளவு வேணும்னாலும் பேசட்டும்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

"நில்லுங்க. அத்தா இன்னும் முடிக்கவே..." என்றாள் ஆஷிஃபா.

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டிவிட்டது.

நேராகத் தாமல் ஏரிக்குப் போனான். கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆஷிஃபாவை அவனுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு பிடித்திருந்தது என்பது அங்கே நின்றபோதுதான் அவனுக்கே தெரிந்தது. அவள் டீ கிளாஸை வைக்கும்போது அதன் கீழே ஒரு பழைய பில்லை மடித்து வைப்பாள், மேஜையில் வட்டம் விழக்கூடாது என்று. அந்த மடித்த காகிதம் வரை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கு முழுக்க இங்கேயே நிற்பது, சாப்பிடக்கூடாது என்று முடிவு செய்தான்.

ஆனால் பாவம், துக்கத்தையும் அவனால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் சுட்டது. கால் மாற்றி நின்றான். பசித்தது. நடுவில் ஆஷிஃபா இரண்டு தடவை போன் செய்தாள். வெட்டினான். அம்மா செய்தார். வெட்டினான். அம்மா மறுபடி செய்தார். குஞ்சம் கட்டுகிறவர் ஆயிற்றே, விடமாட்டார் என்று தெரிந்து எடுத்தான்.

"என்னடா, சரிகைக் கடை மெஷினைப் பாதியில போட்டுட்டு வந்தியாமே? அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. ஒரு மெசேஜ் வந்து முடியவே மாட்டேங்குதாம். மெஷின் வெட்டவே மாட்டேங்குதாம்."

"அம்மா, அவங்க வந்து நம்மளை..."

"சாக்கு சொல்லாத. வேலையைப் பாதியில விட்டா நாளைக்கு யார் கூப்பிடுவாங்க? போய் முடிச்சுக் குடுத்துட்டு வா" என்று அம்மா போனை வைத்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் வெட்டுப்பட்டால் எப்படி இருக்கும் என்று ஷோயப்புக்கு முதன்முதலாகத் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

அவன் கடைக்குத் திரும்பினான். ஏரிக்கரை மண் அவன் செருப்பில் இருந்தது. ஆஷிஃபா அதைப் பார்த்தாள். ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து மடித்த காகிதத்தின் மேல் வைத்தாள்.

"நாலாவது மெசேஜுங்க. நீங்க போனதுக்கப்புறம் அத்தா மறுபடி பண்ணாங்க. டெஸ்ட் போதும்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலையே. இதைக் கேட்டுட்டு அப்புறம் மெஷினைச் சரி பண்ணுங்க."

பெட்டியில் வேகமாக ஓட்டுகிற ஒரு பட்டன் உண்டு. அதை ஒருமுறை அழுத்தினால் நலம் விசாரிப்பு போய்விடும், இரண்டு முறை அழுத்தினால் மழையும் போய்விடும். ஷோயப்பின் விரல் வழக்கம்போல அங்கே போயிற்று. போன விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு அதை எடுத்து டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் காஜா பேசறேன்."

"வ அலைக்கும் ஸலாம்" என்று ஷோயப் வாய்க்குள் சொன்னான்.

நலம் விசாரிப்பு முழுதும் வந்தது. இந்தத் தடவை பாய் நாலைந்து புது விசாரிப்பைச் சேர்த்திருந்தார். ஷோயப்பின் ஸ்கூட்டருக்கு பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று கேட்டிருந்தார். மழை வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. "வீட்டுலயும் கலந்து பேசினோம்" வந்தது.

"...ஷோயப்பு, இனிமே நீ என்னைப் பாய்னு கூப்பிடாத. ஊம்ம்... ஊம்ம்... ஊம்ம்... மாமான்னு கூப்பிடு."

ஷோயப் கிளாஸை வைத்தான். கை அதை விடவில்லை.

"எனக்குச் சம்மதம்பா. உன் மேல எனக்கு ஒரே ஒரு மனக்குறை. நீ யாரையும் பேசி முடிக்க விடறது இல்ல. அதைப் பொண்ணுகிட்டயும் சொன்னேன். என்னம்மா, இவன் காலத்துக்கும் உன் பேச்சைப் பாதியில வெட்டிக்கினு இருப்பானேன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, அத்தா, அவர் ஊர்ல எங்கயுமே டீயை முழுசாக் குடிக்க மாட்டாரு, நம்ம கடையில மட்டும் ஆறுற வரைக்கும் உக்காந்து குடிப்பாரு, ஒரு எடத்துல உக்காரத் தெரிஞ்சவருக்கு மத்ததும் தெரிஞ்சுக்கும்னா. ஊம்ம்... ஊம்ம்... ஊம்ம்... எனக்கும் அது சரின்னு பட்டுது. உங்கம்மாகிட்ட நான் முறையா வந்து சொல்றேன். இதை டெஸ்ட்டுக்காகச் சொன்னேன். மெஷின் நல்லா கேக்குதா? வெச்சிடட்டுமா? சரி வெச்சிடறேன். உடம்பைப் பாத்துக்கோ. வெச்சிடறேன்பா."

பாய் வைத்துவிட்டார். அதற்கப்புறம் டூ... டூ... டூ... என்று வந்தது. ஷோயப்தான் வெட்டும் ஏற்பாட்டையே நிறுத்திவிட்டுப் போயிருந்தானே, பெட்டி அதையும் விடாமல் பதிந்திருந்தது. அவன் ஆஷிஃபாவைப் பார்த்தான். அவள் தராசைப் பார்த்தாள். டூ ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்றே பார்த்தார்.

"மூணு ஊம் முடிஞ்சாத்தாங்க அத்தாவுக்கு விஷயமே வரும். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்" என்றாள் அவள். பிறகு, "போதும், நிறுத்துங்க. காது வலிக்குது" என்றாள்.

"இருங்க. கொஞ்சம் ஓடட்டும்" என்றான் ஷோயப்.

அது அவன் வாயிலிருந்து வந்த சொல்தானா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான். டீயைக் கடைசிவரை குடித்தான். அதற்குப் பிறகுதான் பெட்டியில் கை வைத்து, வெட்டும் ஏற்பாட்டை மறுபடி போட்டு, எத்தனை தடவை என்ற இடத்தில் ஆறு என்று மாற்றினான்.

சாயங்கால அஸர் தொழுகை முடித்து காஜா பாய் வந்தார். வாசலில் செருப்பை விட்டு, தொப்பியைச் சரிசெய்து, சலாம் சொன்னார். ஷோயப் எழுந்து நின்று முழுசாகப் பதில் சலாம் சொன்னான்.

"டெஸ்ட் முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது... மாமா."

காஜா பாய் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்வதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"உங்க வீட்டு மாடி ரூம்ல மழைத்தண்ணி ஒழுகுதாப்பா?"

ஷோயப் அவர் கேட்டு முடிக்கும் வரை இருந்தான். "ஒழுகுது மாமா. ஜன்னல் பக்கத்து மூலையில. ஷீட்டுல விரிசல் விட்டிருக்குது. ரெண்டு வருஷமா அப்படியேதான் இருக்குது. பக்கெட் வெச்சு ஓட்டிக்கினு இருக்கோம்."

"ஊம்ம்..." என்றார் காஜா பாய். "ஊம்ம்..."

ஷோயப் வாயைத் திறக்கவில்லை.

"ஊம்ம்..."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. ஷோயப் காத்திருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ஷீட்டை மாத்திடுவோம்பா" என்றார் அவர். "என் பொண்ணு நனையக் கூடாது."